கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள்

பக்கவாதம் கண்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்தது என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. உண்மையில் பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பாதிக்கப்பட்ட மூளை, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் இழந்த அசைவுகளை மீண்டும் கற்றுக்கொள்ள முடியும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் குவளையைத் தூக்குவதும்கூட பயிற்சியே.

ஆனால் தனியாகச் செய்பவர் சீக்கிரம் சோர்ந்துவிடுவார். கூடிச் செய்தால் தைரியம் வரும். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய மலேசிய தேசியப் பக்கவாதச் சங்கம், ஜொகூரிலும் மையம் அமைத்தது இதற்காகத்தான்.

அப்பாவுக்குச் சிரமம் வேண்டாமென்று பிள்ளைகள் ஊட்டிவிடுவது பாசம்தான்; ஆனால் பயன்படாத கை மேலும் பலவீனமாகும். மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்டு, கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும், பொறுமையாக அருகில் இருங்கள்.