குறும்பும் பிணியும்



அழைத்தால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்கின்றோம். ஓரிடத்தில் அமராத பிள்ளையை அடங்காப்பிடாரி என்கின்றோம். பெயரிட்டவுடன் பிரம்பைத் தேடுகின்றோம். பெயரே பிழையாயின் பிரம்பு யாது செய்யும்?

யாம் கற்பிக்கும் பள்ளியில் இத்தகைய சிறுவன் ஒருவனுக்கு மந்திரித்துத் தாயத்தும் கட்டினர். செவியைச் சோதித்தபோதன்றோ நடுச்செவியில் நீர் கட்டிக் கேள்வி மங்கியிருந்தமை புலனாயிற்று! ஆதலின் முதற்கண் செவியையும் கண்ணையும் சோதிப்பித்தல் வேண்டும்.

சில நொடி வெறித்து நோக்கிப் பின் மீளும் குழந்தை பராக்குப் பார்ப்பதாகத் தோன்றும். அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து, குறட்டையால் இரவுறக்கம் கெட்ட குழந்தை பகலில் நிலைகொள்ளாது திரிதலும் உண்டு. இவற்றை ஆராயாது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று முத்திரையிடுதலும் தகாது. வீடு, பள்ளி என ஈரிடத்தேனும், 6 திங்களேனும் அறிகுறிகள் நீடித்தல் வேண்டும் என்பது மருத்துவர் கொண்ட அளவை. எனவே ஆசிரியரின் குறிப்பும் உடன் வேண்டும்.

1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். அதன்பின் பல்லாண்டுகள் தாயின் அன்பின்மையே காரணமெனப் பழித்தனர்; அப்பழி பொய்யாயிற்று. நம் இல்லங்களிலோ, "வளர்ப்புச் சரியில்லை" என மருமகளைச் சாடுதல் இன்னும் ஓய்ந்தபாடில்லை!

2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைந்துள்ளன, கட்டணம் இல்லை. செல்வோர் குழந்தை பேசத் தொடங்கிய வயது, உறக்கம், வலிப்பு கண்ட நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க.