வனவிலங்குக் கல்வியும் நம் பிள்ளைகளும்

ஓசூர் நெடுஞ்சாலையில் சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் செல்லும் பாதையில் திரும்பினால், தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் மெல்லக் குறைந்து, ஆனேக்கலுக்கு அப்பால் பன்னார்கட்டா வனம் வந்துவிடுகிறது. 1974-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அவ்வனத்தின் யானைகள் தளி, ஓசூர்க் காடுகளுக்கும் சென்று வருகின்றன. மாநில எல்லை அவற்றுக்கு ஒரு பொருட்டன்று. பிழைப்பை நாடி அதே எல்லையைக் கடந்து சந்தாபுராவில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய இல்லமொன்றில் மகனோ மகளோ, "வனவிலங்கு உயிரியல் படிக்கப் போகிறேன்" என்றால் பெற்றோர் திகைப்பது இயல்பே. "அது சோறு போடுமா?" என்னும் அவர்களுடைய கேள்விக்கு இன்று விடை காண முயல்வோம்.

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. இத்துறையில் நிலையான பதவிகள் குறைவு. தொடக்க ஆண்டுகளில் குறிப்பிட்ட காலத்துக்கான ஆய்வுத் திட்டங்களிலேயே பெரும்பாலோர் பணியாற்ற நேரும். யானையைக் கண்டு மகிழும் நாட்களைவிட, அதன் சாணத்தை எண்ணிக் குறிப்பெடுக்கும் நாட்களே மிகுதி. விலங்கின்பால் அன்பு மட்டும் கொண்டவர் விரைவில் சோர்ந்து போவர். பொறுமையும் கணக்கும் கைவரப் பெற்றவரே நிலைத்து நிற்பர்.

எனவே அடித்தளத்தை அகலமாக இடுதல் நன்று. இளநிலையில் விலங்கியலையோ தாவரவியலையோ கற்று, புள்ளியியலையும் பயில வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வு எழுதுவோரின் பட்டப்படிப்பில் இவை போன்ற குறிப்பிட்ட பாடங்களுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கும் அதில் இடமுண்டு. முதுநிலைக் கல்விக்குப் பெங்களூரிலேயே தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2004-இல் ஒரு படிப்பைத் தொடங்கியது. டேராடூனில் 1982-இல் நிறுவப்பெற்ற இந்திய வனவிலங்கு நிறுவனமும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும், உதகை அரசு கலைக் கல்லூரியும் இக்கல்வியை அளிக்கின்றன.

கல்லூரியில் சேரும் வரை காத்திருக்கவும் வேண்டா. சந்தாபுரா ஏரியின் சீர்கேட்டுக்காக 500 கோடி ரூபாய் செலுத்துமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கர்நாடக அரசுக்கு ஆணையிட்டது. நம் வீட்டருகிலுள்ள நீர்நிலைக்கு எந்தப் பறவை எம்மாதத்தில் வருகிறது, எது வராமற்போயிற்று என்று ஓராண்டு ஒழுங்காகக் குறித்துவைக்கும் மாணவன், ஆய்வின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.

இவ்வழியில் முன்சென்றவர் ஒருவரை நினைவு கூர்வோம். நாங்குநேரியைச் சேர்ந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், ஜிம் கார்பெட்டின் வேட்டை நூலைச் சிறுவயதில் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து மனம் பறிகொடுத்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராயிருந்த அவர், 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை ஆராய்ந்தார்; பின்னர் டேராடூன் நிறுவனத்தில் பல மாணவர்களை உருவாக்கினார். 2024-இல் பெங்களூரில் அவர் மறைந்தார்.

இறுதியாக ஒன்று. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்கூட்டம் வயலில் இறங்கினால், விளைச்சலை இழந்தவனிடம் அவன் மொழியில் பேசத் தெரிந்தவரே காட்டையும் காக்க முடியும். எல்லைக்கு ஒருபுறம் கன்னடம், மறுபுறம் தமிழ், இடையிடையே தெலுங்கு. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி வளரும் நம் பிள்ளை, வேறெவரும் எளிதில் பெறவியலாத தகுதியை இப்போதே பெற்றிருக்கிறான். புலம்பெயர்ந்ததால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று ஏங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. சோறு உடனே நிறையக் கிடைக்கும் என்று நாம் உறுதி கூறோம். முறையாகத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டவருக்கு வேலை காத்திருக்கிறது என்று மட்டும் கூறுவோம்.