பனை விதைப்போர்
(திண்டிவனம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழுப்புரத்தினும் திண்டிவனத்தினும் பெற்றோர் பலர் எம்மை வினவுவது ஒன்றே: “மருத்துவராகாது ஆராய்ச்சிக்குச் செல்லும் பிள்ளையால் யாது பயன்?” விடையாக ஒருவர் வரலாறு கூறுவோம்.

ராகுல் புர்வார் என்பார் ஜெர்மனியினும் அமெரிக்காவினும் நோயெதிர்ப்பியல் பயின்று, 2013-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராயமர்ந்தார். நோயாளியின் குருதியினின்று டி உயிரணுக்களைப் பிரித்து, புற்றணுவை இனங்காணச் செய்யும் மரபணுவை அவற்றிற் புகுத்திப் பெருக்கி, மீண்டும் அவருடம்பிற் செலுத்துவது கார்-டி முறை. அதனை நம் நாட்டிலேயே ஆக்க முனைந்தார். அல்கா துவிவேதி முதலிய இளம் ஆராய்ச்சியாளரும் டாடா நினைவு மருத்துவமனையாரும் துணைநின்றனர். 2021 ஜூனில் முதல் நோயாளிக்கு அளித்தனர். 2023 அக்டோபரில் மைய அரசின் இசைவும் கிடைத்தது. இது சிலவகைக் குருதிப்புற்றுக்கே உரியது. யாவரும் குணமடைவர் என்பதுமன்று. எனினும், அமெரிக்காவிற் கோடிக்கணக்கிலாகும் இம்மருந்து ஈண்டு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றது.

மணிலா விதைத்தவன் நான்கு திங்களிற் பிடுங்குவான். பனை விதைத்தவனோ பல்லாண்டு காப்பான். ஏழைக் குடும்பம் அங்ஙனம் காத்திருத்தல் அரிது. நம் சங்கத்து உபகாரச் சம்பளமோ பட்டத்தோடு நின்றுவிடுகின்றது. ஆணாயினும் பெண்ணாயினும், ஆராய்ச்சி மாணாக்கர் ஒருவர்க்கேனும் ஐந்தாண்டு உதவுவதென இன்றே தீர்மானிப்போமாக.