சோறும் தொடுகறியும்: ஒரு நாள் உணவின் கணக்கு

ஒருவர் ஒரு நாளில் உண்பது அவர் உடலுக்குப் போதுமா, எந்தச் சத்து குறைகிறது, எது மிஞ்சுகிறது என்று அளந்து பார்ப்பதே உணவு மதிப்பீடு. வயிறு நிறைந்துவிட்டது என்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது. வயிறு நிறைய உண்டும் சத்துக் குறைவாக வாழ முடியும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டமே ஒரு பழைய சான்று.

1920களிலும் 30களிலும் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வயிற்றுவலியோடு வந்தவர்களில் குடற்புண் நோயாளிகள் மிகப் பலர். அங்கே அறுவை மருத்துவராக இருந்தவர் ஹோவர்டு சாமர்வெல். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற இந்த ஆங்கிலேயர், இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் பணியாற்றி, குடற்புண் அறுவையில் பெயர் பெற்றார். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ ஆய்வாளர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கன்னியாகுமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் ஏழைகள் உண்ட, மரச்சீனிக் கிழங்கு மிகுந்த உணவைத் தின்ற எலிகள் பலவற்றுக்கு வயிற்றில் புண் கண்டது. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவைத் தின்றவை நலமாக இருந்தன.

குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு கிருமி என்பது பின்னாளில் தெரிந்தது. அதைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே பழி முழுவதையும் மரச்சீனியின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஓர் ஊரின் நோயைப் பார்க்கும்போது அவ்வூர் அடுப்பங்கரையையும் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் இத்தகைய ஆய்வுகளால்தான் வலுப்பெற்றது. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்திய உணவுப் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு என்ற பட்டியலை வெளியிடுவது அந்நிறுவனமே. 2017 பதிப்பில் 528 பொருள்கள் உள்ளன.

மதிப்பீட்டில் முதல் வேலை, உண்டதைப் பதிவு செய்வது. கடந்த 24 மணி நேரத்தில் வாயில் போட்ட அனைத்தையும் நினைவிலிருந்து சொல்லச் செய்வது ஆய்வாளர்களின் முறை. அளவு தெரிவதற்காகக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் கையோடு கொண்டுபோவார்கள். வீட்டில் செய்வதானால் அவ்வப்போது குறிப்பேட்டில் எழுதிவிடுவது மேல்; மாலைத் தேநீரும் அதோடு வந்த ரசவடையும் நினைவிலிருந்து நழுவுவதில் கைதேர்ந்தவை. வீட்டு உழக்கில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கிறது என்று பலசரக்குக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நூறு கிராம் அரிசி வெந்தால் சோறு இருநூற்றைம்பது, முந்நூறு கிராம்கூட வரும். அட்டவணைகள் பெரும்பாலும் சமைக்காத பொருளின் கணக்கையே தருகின்றன.

ஒரு நாள் பதிவு ஏமாற்றும். இரண்டு வேலை நாள்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். இந்த மாவட்டத்தில் பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் இருக்கும் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் மீன் விலை ஏறும், தட்டில் துண்டு குறையும். சக்கை மலிந்து கிடப்பதும் ஏறக்குறைய அதே காலம். சாளை மீன் கொழிக்கும் மாதத்தில் எடுத்த கணக்கை ஆண்டு முழுவதற்கும் விரித்தால் புரதம் ஏராளம் என்று தோன்றிவிடும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது மீன், முட்டை, இறைச்சி 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உப்பு 5 கிராமுக்குள்.

தோவாளைப் பக்கம் ஒரு வீட்டில் 55 கிலோ எடையுள்ள பெண் ஒருவரின் நாளை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் நூற்றைம்பது கிராம் அரிசிச் சோறு, இரண்டு சாளை போட்ட மீன்கறி, கொஞ்சம் பயற்றங்காய்த் துவரன். மாலையில் தேநீர். இரவு நூறு கிராம் அரிசிக் கஞ்சி, ஒரு கை சிறுபயறு. கூட்டிப் பார்த்தால் அரிசி மட்டும் 330 கிராம் அளவுக்கு வருகிறது. புரதம் ஏறக்குறைய 50 கிராம், தேவை 46. குறையில்லை. ஆனால் அந்த இரண்டு சாளையை எடுத்துவிட்டால் 40க்குக் கீழே இறங்கிவிடும். காயும் கீரையும் 150 கிராமைத் தாண்டவில்லை. பழம் இல்லை, பால் தேநீரில் விட்டதோடு சரி. கறிகளில் அரைத்த தேங்காய் அவர் பங்குக்கு 50 கிராம் என்றாலும் இருபது கிராம் கொழுப்பு அதிலேயே வந்துவிட்டது. தாளித்த எண்ணெய் வேறு. அரிசியை எண்ணும் வீடுகள் தேங்காயை எண்ணுவதில்லை. நாஞ்சில் நாட்டுச் சமையலில் பெரும்பாலான கணக்குகள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் கணக்கு வேறுவிதம்; அங்கே தட்டில் மரச்சீனியும் உண்டு. மரச்சீனி மாவுச்சத்து நிறைந்தது. நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் அளவுதான். அதோடு அதில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் பழக்கம் அதனால்தான் வந்தது. எஞ்சும் சிறு அளவை உடல் முறிப்பதற்குக் கந்தகம் உள்ள புரதச் சத்து வேண்டும். அது மீனில் தாராளமாக உண்டு. மரச்சீனிக்கு மீன்கறியைத் துணையாக வைத்த சமையல், சத்துக் கணக்கிலும் மிகச் சரியான சமையல். மீன் இல்லாமல் மிளகாய்ச் சம்மந்தியோடு மட்டும் தின்ற நாள்களே ஏழைகளை வாட்டின. 1942இல் பர்மா அரிசி வரத்து நின்ற பிறகு திருவிதாங்கூரைக் காப்பாற்றியதும் இந்தக் கிழங்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பானையில் இருப்பதை அளந்தால் மட்டும் போதாது. யார் தட்டில் எது விழுந்தது என்பதே ஊட்டச்சத்துக் கணக்கு. பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் துண்டுகள் போய், கடைசியில் உண்ணும் பெண்ணுக்குச் சாறு மட்டும் மிஞ்சும் வீட்டில், வாங்கிய மீனைத் தலைக்கு வகுத்துப் போடும் கணக்கு பொய்க் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆணுக்கு 19 போதும். அரிசியில் அது கிடைக்காது. முருங்கைக்கீரையும் பயறும் நெத்தோலியும் தினமும் மாறி மாறி வர வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை போன்ற புளிப்புகள் கீரையின் இரும்பை உடல் உறிஞ்ச உதவும். சாப்பிட்டு எழுந்த கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதில் கெடுதலில்லை.

சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறியவர்கள் கணக்கில் அதை விட்டுவிடுகிறார்கள். கருப்பட்டியில் தாது உப்புகள் சிறிதளவு உண்டு என்றாலும் பெரும்பகுதி இனிப்பே. அதையும் எழுத வேண்டும். ஏத்தங்காய் உப்பேரியும் கருவாடும் உப்பின் கணக்கில் சேரும்.

திருத்தம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன தட்டில் இரவு அரிசியைப் பாதியாக்கி, பயற்றை இரட்டித்து, மதியம் ஒரு கீரையும் ஓர் அவியலும் சேர்த்து, மாலையில் ஒரு மட்டிப்பழம் வைத்தால் பெரும்பாலான குறைகள் அடைபடும். மட்டி இந்த மாவட்டத்துக்கே உரிய வாழை. புவிசார் குறியீடும் பெற்றது. அவியலில் தேங்காயைக் குறைத்துக் காயைக் கூட்டுவது சமையல்காரரின் கையில் இருக்கிறது.

குறிப்பேடு சொல்வதை இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டால்தான் மதிப்பீடு முழுமையாகும். ஹீமோகுளோபின், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. மூன்று நாள் உணவுக் குறிப்பை அங்கே கையோடு கொண்டு செல்வது நல்லது.