செக்ரோலிலே பேர், வாக்காளர் இடாப்பிலே?

(ஹட்டனில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



எவருக்கு வாக்களிப்பது என்று சொல்ல நான் இன்று வரவில்லை. அதைச் சொல்வதற்குத் தேர்தல் காலத்திலே ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களில் பலர் வருவர். அதற்கு முந்திய காரியமொன்றைப் பற்றியே பேச வந்தேன். வாக்காளர் இடாப்பிலே உங்கள் பெயர் இருக்கின்றதா?

தோட்டத்திலே பிறந்தவர்களுக்குப் பேரின் பெறுமதியை நான் படிப்பிக்க வேண்டியதில்லை. காலையிலே பெரட்டுக் களத்துக்குப் போய், பகலெல்லாம் மலையிலே கொழுந்தெடுத்து, மாலையில் நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்ததென்று சொல்லி 'அரைப்பேர்' போட்டால் நம் தாய்மார் விடுவார்களா? கங்காணியோடு வாதாடுவர்; தோட்டத் தலைவரைக் கூப்பிடுவர்; துரையின் காரியாலய வாசல் வரை செல்வர். அவர்கள் செய்வது நியாயமே. ஆனால், செக்ரோலிலே அரைப்பேர் குறைந்ததற்காக இத்தனை தூரம் நடக்கின்ற அதே வீட்டிலே, தேசத்தின் இடாப்பிலே முழுப்பேரும் இல்லாத பிள்ளையொன்று பேசாமல் இருக்கின்றது. அதைப் பற்றி எவரும் காரியாலய வாசலுக்குப் போவதில்லை.

இந்த மௌனம் நமக்குத் தகாது. ஏனெனில், பெயர் நீக்கப்படுவது என்றால் என்ன என்பதை இந்தத் தீவிலே நம்மைப் போல் அறிந்தவர் வேறு யாருமில்லை.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, தோட்டத் தமிழருக்கு நிரந்தர வதிவு என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பிரசைகள் அல்லாதோரின் பெயர்கள் இடாப்பிலே இருக்கலாகாது என்றது. ஒருவரையும் நாட்டைவிட்டு அன்று ஏற்றி அனுப்பவில்லை. பெயர்களை மாத்திரம் வெட்டினார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே அந்த ஏழு இடமும் ஒன்றுமில்லாமற் போயிற்று. கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தும் பயன் கிட்டவில்லை. இம்மலைநாட்டிலிருந்து நம்மவர் ஒருவர் மீண்டும் மக்கள் வாக்கினாலே பாராளுமன்றம் செல்ல 1977 வரை, முப்பது ஆண்டு, காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையிலே திரு. தொண்டமான் சென்றது நியமன உறுப்பினராகவே.

சட்டம் படிக்கும் மாணவர் யாவரும் அறிந்த வழக்கு ஒன்றுண்டு. கோடாக்கன்பிள்ளை என்பவர் றுவான்வெல்லைத் தொகுதியின் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். அவ்வளவுதான். பதிவு அலுவலர் மறுத்தார். திருத்தும் அலுவலர் சேர்க்கலாமென்றார். 1951இல் உயர்நீதிமன்றம் கூடாதென்றது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. எந்த ஒரு சமூகத்தின்மீதும் ஏனையோருக்கில்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிலே எழுதியிருந்ததன்றோ? அப்பிரிவு இங்கு மீறப்படவில்லை என 1953இல் தீர்ப்பாயிற்று. தன் பிரசைகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான அதிகாரமாம்! அத்தீர்ப்பை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இன்றும் அதனோடு உடன்பட முடியவில்லை. ஆயினும் என் மனத்திலே நிற்பது தீர்ப்பன்று. இந்நாட்டு அரசியற் சட்ட வரலாற்றின் பெருவழக்குகளுள் ஒன்று, பெயரைச் சேர்க்குமாறு ஒரு மனிதர் செய்த விண்ணப்பத்திலேதான் பிறந்தது.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அதிலே எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. கிடைக்காதோருள் என் தாத்தாவும் ஒருவர். தாயாரின் மரணத்துக்கென்று திருச்சிப் பக்கம் போய்ச் சில மாதம் தங்கியதால் இடையறாத வதிவு நிரூபிக்கப்படவில்லை என்றனர். நாடற்றவராகவே அவர் கண் மூடினார். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் அப்பாயி பிரசையானார். 1994இல் முதன்முறை வாக்களித்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் ஒவ்வோராண்டும் பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும்போது, பக்கத்து லயத்துச் சிறுமி ஒருத்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு போய், நம் வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு வருவார்.

எனக்குப் பதினெட்டு வயது பூர்த்தியான ஆண்டிலே நான் கொழும்பில் ஒரு கடையில் நின்றேன். லயத்துக்குப் படிவம் கொண்டு வந்தவர், "பையன்தான் இங்கே இல்லையே" என்று சொல்ல, அப்பாவும் அதுவே சட்டம் என்று எண்ணி என் பெயரை எழுதாமல் விட்டார். தீபாவளிக்கு நான் வந்தபோது அப்பாயி சொன்னார்: "எல்லார் பேரும் வாசிச்சா. ஒன் பேரு மட்டும் வாசிக்கலையேப்பா." அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். 1999 டிசம்பர் 21ஆம் திகதி சனாதிபதித் தேர்தலன்று, அப்பாயி ஊன்றுகோலோடு இறக்கம் இறங்கி வாக்களிக்கப் போனார். நான் லயத்து வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சட்டசபையும் என் பெயரை வெட்டவில்லை. நானேதான் வெட்டிக்கொண்டேன்.

என் நிலையிலே இன்று உங்களிற் பலர் இருக்கிறீர்கள். வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கடை முதலாளி தம் முகவரியில் இவர்கள் பெயரை எழுதுவதில்லை. தோட்டத்து வீட்டிலே 'பிள்ளை கொழும்பில்' என்று சொல்லி விடுகிறார்கள். இரண்டிடமும் இல்லையானால் எங்கே இருப்பது? சட்டம் கேட்பது சாதாரண வதிவு எது என்பதை. தொழிலுக்காகச் சில காலம் பிரிந்திருப்பதனாலே ஒருவருடைய வீடு அவருடைய வீடல்லாமற் போவதில்லை. ஆகவே, கிராம அலுவலர் விபரம் எடுக்க வருங்காலத்தில் ஊருக்குத் தொலைபேசியிலே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே இடத்திலே, ஒரே ஒரு முறை, எழுதச் சொல்லுங்கள்.

எழுதியபின் பார்க்கவும் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின்படி ஏ, பி என்னும் இரண்டு பட்டியல்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஏ பட்டியல் நீக்கப்படுவோருடையது; பி பட்டியல் புதிதாகச் சேர்க்கப்படுவோருடையது. முதன்முறை பதிவோர் பி பட்டியலைப் பார்த்துத் திரும்பிவிடலாம். ஆனால், போகிறபோக்கில் ஏ பட்டியலிலே உங்கள் தாய் தந்தையரின் பெயர் ஏறியிருக்கின்றதா என்றும் பாருங்கள். விடுபட்டவர் குறித்த காலத்துக்குள் கோரிக்கை மனுச் செய்யலாம். கோடாக்கன்பிள்ளை போட்ட மனுவின் வழியிலே வந்ததே அது. அவருக்கு மூடிய கதவு உங்களுக்குத் திறந்திருக்கின்றது. இணையத்தளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கைத்தொலைபேசியிலே சினிமாப் பார்க்கும் நேரத்திலே ஒரு நிமிடம் போதும்.

வாக்குரிமை வயது 1959இலேயே இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால், வெகு காலம் ஆண்டிலே ஒரேயொரு நாளை வைத்து வயது கணித்தமையால், மறுநாள் பதினெட்டானவன் ஓராண்டு காத்திருந்தான். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையை நீக்கித் துணை இடாப்புக்கு வழி செய்தது. பெயரை எழுதும்போது பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளவாறே எழுதுவியுங்கள். இராமாயி ஓரிடத்தில் ராமாய் என்றும், இன்னோரிடத்தில் ரமாயா என்றும் ஆகியிருப்பதைக் கண்டு நான் அலுத்திருக்கிறேன்.

ஒருவர் வாக்கு இல்லாவிட்டால் என்ன என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. இந்நாட்டிலே மாவட்டங்களிலிருந்து தெரிவாகும் 196 உறுப்பினருள் 160 பேரின் இடங்கள், ஒவ்வொரு மாவட்டத்தின் இடாப்பிலும் உள்ள பெயர்களின் தொகைப்படியே பங்கிடப்படுகின்றன. வாக்களித்தோரின் தொகையன்று; பதிந்தோரின் தொகை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது இடம், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் புலப்பெயர்வும் அதற்குக் காரணம், அங்குள்ளோரின் குற்றமன்று. ஆனால், ஊரிலேயே இருந்துகொண்டு பெயரைப் பதியாதவன் எந்தப் போரைக் காரணம் காட்டுவான்?

நான் நீண்ட நேரம் பேசிவிட்டேன். வெளியே மழையும் வந்துவிட்டது. மண்டபத்தின் பின்புறத்திலே இரண்டு மேசைகள் போடப்பட்டிருக்கின்றன. படிவம் நிரப்பத் தெரியாதோருக்கு உதவ நண்பர் நால்வர் இருக்கின்றனர். அடையாள அட்டையைக் கொண்டு வந்திருப்போர் முதலிலே வாருங்கள். கொழும்பிலே தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுடைய அட்டையின் இலக்கத்தை இப்பொழுதே தொலைபேசியிலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.