அரசாங்கக் கடிதம் படிக்கும் முறை



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில், உதவித்தொகைக்கு மனுச் செய்திருந்த ஓர் ஆயாவுக்கு மலாய்க் கடிதம் வந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பேரன் வாசித்தான். மனு 'டிபெர்திம்பாங்கான்' ஆகவில்லை என்றிருந்தது. 'திம்பாங்' என்றால் எடை போடுதல் என்று பள்ளியில் படித்தவன், "உங்களை நிறுக்க முடியலையாம் ஆயா" என்றான். ஆயுள் முழுதும் பால் நிறுத்துப் பழகியவர் ஆயா. "தராசு வந்ததும் கூப்பிடுவாங்க" என்று கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டார். என்னிடம் அது வந்தபோது, மேல்முறையீட்டுக்குரிய 30 நாளும் கடந்திருந்தன.

அங்கே அச்சொல்லுக்குப் பரிசீலித்தல் என்று பொருள். அலுவலக மொழியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

1967 செப்டம்பர் முதல் தேதி தொட்டு மலாய்மொழி அதிகாரத்துவ மொழியாயிற்று. 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று ஆங்கிலத்தில் முடிந்த கடிதங்கள், 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' என்று முடியலாயின. 'கட்டளைப்படி நடப்பவன்' என்று எழுதியவர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். நமக்கு இட்ட கட்டளையன்று. அஞ்ச வேண்டாம்.

கவனிக்க வேண்டிய சொற்கள் நான்கு. 'சுக்காசித்தா' என்றால் மகிழ்ச்சியான செய்தி. 'டுக்காசித்தா' என்றால் மறுப்பு. நம் சுகமும் துக்கமுமே அவற்றில் உள்ளன. 'டாலாம் தெம்போ' என்றால் இத்தனை நாளுக்குள்; அந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். 'ராயுவான்' என்றால் மேல்முறையீடு. வழி இன்னும் அடைபடவில்லை.

பிள்ளைகள் வாசிக்கட்டும், இந்த நான்கு சொற்களும் வருகின்றனவா என்று நீங்கள் கேளுங்கள். விளங்காவிட்டால் அன்றைக்கே ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.