குழுவைத் தாங்கும் அந்தப் பத்துப் பேர்
(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். செயலவை என்னிடம் கேட்டது சின்னக் கேள்விதான்: நம் வாட்ஸ்அப் குழுவை எப்படி வளர்ப்பது?

ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆகவே இன்னும் நூறு எண்களைச் சேர்த்தால் குழு வளர்ந்துவிடும் என்று தோன்றும். எண்களைச் சேர்க்க ஒரு மாலைப் பொழுது போதும். சேர்ந்தவர்களில் பலர் அன்றிரவே ஒலியை அடைத்துவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ரோஜாப் படத்தில் இருபது ‘ஜும்ஆ முபாரக்’ வந்தால் யார்தான் தாங்குவார்?

இணையப் பழக்கங்களை ஆராயும் ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். இணையத்தில் கூடும் கூட்டங்களில் பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படித்துவிட்டுப் போவார்கள். ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள். பெரும்பகுதி வேலையை ஒருவரே செய்வார். அது தோராயக் கணக்குதான். ஆனாலும் நம் குழுவைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான் தெரியும்.

ஒரு மவுத்துச் செய்தி வருகிறது என்று வையுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் ‘இன்னா லில்லாஹி’ வரிசையாக வந்துவிடும். அதுவும் நல்லதே. ஆனால் ஜனாஸா தொழுகை எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு, சுவா சூ காங் அடக்கத்தலத்துக்குப் போகப் பேருந்து உண்டா, வயதானவர்களை யார் காரில் ஏற்றிக்கொள்வார், அந்த வீட்டுக்கு இரவுச் சாப்பாடு யார் கொண்டுபோவார் என்று கேட்டு, பதிலும் தேடி வந்து போடுகிறவர் யார்? ஒவ்வொரு முறையும் அதே நாலைந்து பேர். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மீதி இளம்பிள்ளைகள். மேடையில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். இவர்களில் ஒருவருடைய பெயரும் நம் பதவிப் பட்டியலில் இல்லை.

2020 ரமலானை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 கட்டுப்பாடு. நோன்பு ஏப்ரல் 24-இல் தொடங்கிப் பெருநாள் வரைக்கும் அதற்குள்ளேயே போனது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. தராவீஹ் வீட்டுக்குள், கஞ்சியும் வீட்டுக்குள். அந்த மாதம் சங்கம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கைப்பேசிக்குள்தான் இருந்தது. தனியாக இருந்த பெரியம்மாக்களை அன்றாடம் அழைத்து, ‘ஸஹருக்கு எழுந்தீங்களா?’ என்று கேட்ட பிள்ளைகளை யாரும் நியமிக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் நாம் மண்டபத்துக்குத் திரும்பினோம். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவர் இருந்தார். பெண்மணி என்றே பல அறிவிப்புகள் சொல்கின்றன. சில நாள் அவரைக் காணவில்லை. நாயகம் அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார், அடக்கமும் ஆகிவிட்டது என்றார்கள் தோழர்கள். பெரிய விஷயமில்லை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே போய் அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பெருக்கியவர் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவர் அந்தச் சமூகத்தின் தலைவர்! நம் குழுவில் தினமும் எழுதிய ஒருவர் மூன்று வாரமாக எழுதவில்லை என்றால் நம்மில் யாருக்குத் தெரியும்?

ஓடுகிறவரைக் கண்டால் அவர் தலையிலேயே அடுத்த மூட்டையையும் ஏற்றுவது நம் வழக்கம். “அந்தத் தங்கச்சியிடம் சொல்லுங்க, செஞ்சிடும்” என்கிறோம். செய்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் குழுவிலிருந்து விலகிவிடும். காரணம் கேட்டால், “வேலை அதிகம் மாமா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடும். அந்த இடத்தை நூறு புதிய எண்களைச் சேர்த்தாலும் நிரப்ப முடியாது.

பொன்னாடையும் கேடயமும் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிறவருக்குக் கேடயத்தைவிட அதிகாரம்தான் தேவை. நோன்புக் கஞ்சி யார் வீட்டுக்கு எத்தனை பாத்திரம் என்று கணக்குப் போடும் பெண்ணே அந்தச் செலவையும் முடிவு செய்யட்டும். இருபது வெள்ளிக்குச் செயலவைக் கூட்டம் வரை காத்திருக்க வைக்காதீர்கள். ஒவ்வொருவரோடும் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்துங்கள், பரீட்சை வந்தாலும் பிள்ளை பிறந்தாலும் அவர் மனக்குறை இல்லாமல் ஒதுங்கி நிற்க. முக்கியமாக, குழுவில் கைதட்டும் படம் போடுவதோடு நில்லாமல், மாதம் ஒருமுறை தனியாக அழைத்துப் பேசுங்கள். சங்க வேலையைப் பற்றியே பேச வேண்டும் என்பதில்லை.

நிறையப் பேர் இருந்துதான் எதுவும் தொடங்கும் என்று நமக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826-இல் சூலியாக்களின் பள்ளிவாசல் தொடங்கியபோது இந்த ஊரில் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அன்சர் சாயபு முன்நின்றார் என்கிறது வரலாறு. அவரோடு சிலர் நின்றிருப்பார்கள்.

பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது, பண்டாரி என்னையே பார்க்கிறார். ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். செயலவை நண்பர்களே, இன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது உங்களுக்குள் உட்காராதீர்கள். நம் பத்துப் பேரில் ஆளுக்கொருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “இப்போது செய்கிற வேலைகளில் எதை உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொள்ளட்டும்?” என்று கேளுங்கள். சொல்வதை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். புதிய எண்களை அடுத்த மாதம் சேர்க்கலாம்.

வஸ்ஸலாம்.